இரண்டு முதுகுகள்

பதினோராம் நாளாக விமானம் இல்லை.
நெயின் ஊரின் கடைக்குள்
அலமாரிகள் பல் விழுந்த வாய்.
மிச்சம் நிற்பவை இரண்டு:
மைதா மூட்டை, டப்பாக் காரட்.
என் கையுறைக்குள் முப்பது டாலர்.

இரண்டையும் திருப்பி முதுகைப் படிக்கிறேன்.
முகத்தில் படம் சிரிக்கும்.
கணக்கெல்லாம் முதுகில்தான், பொடி எழுத்தில்.

மைதா, நூறு கிராமுக்கு
முந்நூற்று அறுபத்து நான்கு கலோரி.
காரட், இருபத்தைந்து.
அவ்வளவுதானா என்று டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே தண்ணீர் சிரித்தது.

புரதம்: அதில் பத்து கிராம்,
இதில் அரையும் கொசுறும்.
வைட்டமின் ஏ: மைதாவில் சுழியம்,
கோழி போட்ட முட்டை மாதிரி உருண்டையாக.
காரட்டிலோ ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதிக்கு மேல்.
கண்ணுக்கு நல்லதாம்.
மூன்றரை மணிக்கே இருட்டும் இந்த ஊரில்
எதைப் பார்க்க என்று மட்டும்
டப்பா சொல்லவில்லை.

மைதாவின் முதுகில் பெருமையாக ஒரு வரி:
'ஊட்டம் ஏற்றப்பட்டது.'
கோதுமையின் தோலை உரித்து
முளையைக் கிள்ளி
இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு
ஐந்தை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.
அந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கம்.
லாப்ரடோர் கரையில் கப்பல் கட்டியவர்களும்
இப்படித்தான் கொடுத்தார்கள்,
கொடுத்ததற்கு நன்றியும் கேட்டார்கள்.

போவாஸுக்குச் சர்க்கரை,
மைதா கூடாது என்றாள் நர்ஸ்.
போவாஸுக்கு ரத்த அழுத்தம்,
டப்பா உப்பு கூடாது என்றாள்
அதே நர்ஸ், அதே மூச்சில்.
"காரட்டை அலசிப் போடு எர்னஸ்டீனா,
உப்பு போய்விடும்."
உப்போடு வேறு என்னென்ன போகும்?
தோளைக் குலுக்கினாள்.
கழுவுதொட்டியில் இறங்கிப் போவதற்கு
யாரும் அட்டவணை போடுவதில்லை.

ஏழு டப்பா வாங்கலாம், இருபத்தேழு டாலர் சொச்சம்.
ஏழும் சேர்ந்தாலும்
விறகுக்குப் போகிறவனை
ஒரு காலைப்பொழுது தாங்காது.
மூட்டை இருபத்தாறு.
மூன்று வாரம் அடுப்பு பேசும்.

மூட்டையைத் தோளில் போட்டேன்.
"நாலு டாலர் கையில் நிற்குதே" என்றான்
கல்லாவில் தோபியாஸ்,
ஊரில் எல்லார் பையையும் அறிந்தவன்.
திரும்பிப் போய் ஒரு டப்பா எடுத்தேன்.
பத்து காசு மிஞ்சியது.

வீட்டில்,
மாவின் நடுவே குழி பறித்து
டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்,
அலசாமல், அந்த உப்புத் தண்ணீரோடு.
தனியாக உப்பு போடவில்லை.
அதுதான் என் வைத்தியம்.
நர்ஸிடம் சொல்லிவிடாதீர்கள்.

லெவி எட்டிப் பார்த்தான். ஆறு வயது.
காரட் என்பது காசு மாதிரி
வட்டம் வட்டமாகவே மண்ணில் விளையும்
என்று நம்புகிறவன்.
நான் திருத்தியதில்லை.
எனக்கும் அதன் இலை எப்படியிருக்கும் என்று
படத்தில் பார்த்த பழக்கம்தான்.

மாவுக்குள்ளிருந்து ஒரு வில்லையைக் களவாடி
நடுவைக் கடித்துத் துளையாக்கி
கண்ணில் வைத்துக்கொண்டான்.

"என்னடா தெரியுது?"

ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாவு.
உன் மூக்குல."