எடு

குருபரப்பள்ளி மேம்பாலத்துக்குக் கீழே
விடியக்காலை ஐந்தேகால்.
கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை.
ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய ஒரு பிக்கப்பை
மடக்கி நிறுத்தியிருந்தார்கள்.

ஏன் மடக்கினார்கள் என்பது என் வீடியோவில் இல்லை.
கை காட்டியதும் நின்றானா
தாண்டிப்போய் நின்றானா
அதுவும் இல்லை.
சத்தம் கேட்ட பிறகுதான் போனைத் தூக்கினேன்.

முப்பத்தெட்டு விநாடி.
பத்தொன்பதாவது விநாடியில் என் கை நடுங்கி
போன் கீழே பார்க்கிறது.
சிமெண்டுத் தரை, என் இடதுகால்,
ஊக்கு குத்திய சிவப்பு வார்ச் செருப்பு.
அப்போது ஒரு குரல்:
"எடு"
அதற்குப் பின்னால் இருந்த ஓர் எழுத்தை
ஓசூர் போகும் லாரியின் ஏர்ஹாரன் தின்றுவிட்டது.
பிறகு இரண்டு வெடி.
போன் நிமிர்ந்தபோது
திம்மராயன் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான்.

நாடே என் செருப்பைப் பார்த்துவிட்டது.
இப்போது அதைப் போடுவதில்லை.

ரவுண்டானா சலூனில், பேருந்தில், கேன்டீன் வரிசையில்
கட்டைவிரலால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.
"இங்க பாரு, கை டேஷ்போர்டுக்குள்ள போகுது."
"ஆர்.சி. புக்கை வேற எங்க வெப்பான், மடியிலயா?"
"போலீஸ்காரனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."
"சரியா அந்த நேரம் பாத்து இறக்கியிருக்கா. எவ்வளவு வாங்கினாளோ."
இதைச் சொன்னவர் எனக்கு முன்னால் நின்று
சாம்பார் ஊற்றிக்கொண்டார்.
நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

முப்பத்தோராவது விநாடியில்
டிவிஎஸ் ஃபிப்டியில் வந்த ஒருவர்
சிதறிய தக்காளியில் நசுங்காததாகப் பார்த்து
மஞ்சப்பையில் போடுகிறார்.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேச்செல்லாம் அந்த எழுத்தைப் பற்றித்தான்.
டிவியில் நான்கு கட்டம், நான்கு தலை.
ஒருவர் பச்சைக் கோடுகளை நீட்டிக் காட்டி
"டா"வுக்குத்தான் வால் இவ்வளவு நீளும் என்றார்.
"டா" என்றால்
பக்கத்தில் இருந்த தம்பி அண்ணனிடம் சொன்னது.
எடுத்திருக்க வேண்டியது கத்தி.
தம்பிக்குப் பதினைந்து வயது, குரல் இன்னும் உடையவில்லை.
சேலம் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான்.

அது "டி".
எனக்குத் தெரியும்.
என் காதுக்கு ஒரு சாண் பக்கத்தில் நின்று
சைலஜா சொன்னது.
இறக்காதே, வீடியோ எடுடி.

சைலஜாவுக்குத் தை மாசம் பர்கூரில் கல்யாணம்.
இப்போது அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறாள்.
ஷிப்டு முடிந்து கை கழுவும் இடத்தில் கேட்டேன்.
தண்ணீரைத் திறந்துவிட்டாள்.
"நான் வாயே தொறக்கல, நீயா ஏதாச்சும் சொல்லாத."
அவள்மேல் கோபம் வரவில்லை.
வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை கோட்டாட்சியர் விசாரணை.
யார் குரல் என்று கேட்பார்கள்.
என் குரல் என்று சொல்லிவிடலாமா?
கை நடுங்கிச்சு சார்,
என்னையே நான் அதட்டிக்கிட்டேன், எடுடி என்று.
பொய்தான்.
ஆனால் அந்த எழுத்து மட்டும் பொய்யில்லை.

இன்றுதான் வியாழன்.
அதே பாலத்துக்குக் கீழே நின்று
லாரி வரும்வரை காத்திருந்து
போனில் பதிவு செய்து பார்த்தேன்.
எடுடி.
முதல் தடவை ஹாரன் மட்டும்.
இரண்டாவது தடவை யாரோ அழுவது மாதிரி.
மூன்றாவது தடவை
என் வாய், என் நாக்கு, நான் சொன்ன சொல்,
எனக்கே "டா" என்று கேட்டது.

கம்பெனி பஸ் வந்து கதவு திறந்தது.
டிரைவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார்.
ரோட்டைக் கடந்து
எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.
கிருஷ்ணகிரி டவுன் பஸ்
ஆறு பத்துக்கு என்றார்கள்.