உரசாமல் கடப்பது

வான்கூவரில் ஒன்பதாவது நாளாக மழை.
பீம் வந்துசேர இரவு ஒன்றரை ஆகிவிட்டது.

பெரிலியம் பதினொன்று.
பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க
ஒரு நியூட்ரான் மட்டும் வெகுதூரம் தள்ளி.
குடும்பத்தோடுதான் இருக்கிறது,
குடும்பத்துக்குள் இல்லை.

ஒளிவட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
புனிதமெல்லாம் ஒன்றுமில்லை,
பிடி தளர்ந்த தூரம்.

ஈயத் தகட்டின் எண்பத்திரண்டு புரோட்டான்களை
அது கடந்துபோக வேண்டும், மோதக்கூடாது,
உரசினாலும் கணக்குக் கெட்டது.
ஈயம் தள்ளுவது நடுவில் இருக்கும் பத்துப் பேரை.
மின்னூட்டம் இல்லாத அந்த ஒன்றை
யாரும் எதுவும் செய்யவில்லை.
இருந்தும்
படகு நகர்ந்தபின் படித்துறையில் நின்றவன்போல்
ஒருகணம் தடுமாறுகிறது.
தடுமாற்றம் அடங்கும்போது ஒரு காமா:
முந்நூற்றிருபது கிலோ எலக்ட்ரான் வோல்ட்.
அதற்காகத்தான் நானும் ஒரெஸ்ட்டும் விழித்திருக்கிறோம்.

மூன்று மணி. திரையில் முனையைக் காணோம்.
யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணைபோல் ஒரு மேடு.
ஓடிக்கொண்டே ஒளி விடுகிற கரு அது,
எந்தக் கோணத்திலிருந்து பார்த்தோம் என்று தெரிந்தால்தான்
ஓட்டத்தைக் கழிக்க முடியும்.
கழித்தேன்.
மேடு இன்னும் அகன்றது.
மறுபடி கழித்தேன். கியூபெக் வசைகள் எல்லாவற்றையும்
வரிசையாகச் சொன்னேன்.

ஒரெஸ்ட் பாதி சாண்ட்விச்சோடு
அலமாரிகளின் பின்னால் போனவர்
வெகுநேரம் வரவில்லை.
பிறகு குரல் மட்டும்:
"சொலேன், இரண்டாவது வரிசைக் கேபிள்கள்
ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளிச் சொருகியிருக்கு."
சொருகியது யார் என்று நான் கேட்கவில்லை.
நீல நாடாவில் இருந்தது அவர் கையெழுத்து.

எழுந்து போனேன். "தொடாதே," என்றார்,
"கணக்கில் மாற்றிக்கொள்."

மாற்றினேன்.
மேடு தன்னைத்தானே அள்ளிக்கொண்டு
ஒல்லியாக எழுந்து நின்றது.
முந்நூற்றிருபதில், இருநூற்றுப் பதினான்கு எண்ணிக்கை.
ஒரெஸ்ட் திரையைப் பார்த்தார், சாண்ட்விச்சைப் பார்த்தார்,
சாண்ட்விச்சைக் கடித்தார்.

அந்த ஒளியைத் தந்தவை எதுவும் இப்போது இல்லை.
பதினான்கு வினாடிக்குள் பாதி போய்விடும்,
என் காப்பிக் கோப்பை மூடி திறக்க
அதைவிட நேரமாகும்.
எல்லாம் போரான் ஆகியிருக்கும்.
யாரோ ஒருவர் புரோட்டானாக மாறி
பதினொரு பேரும் உள்ளே.
வெளியே ஆளில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
5.40. கேபிள் வரிசை தவறு, மென்பொருளில் சரிசெய்தாயிற்று.
முனை தெரிகிறது.

கீழே ஒரெஸ்ட் சேர்த்தார்:
மழை நிற்கவில்லை.