கொட்டுச் சத்தம் எட்டாத இடம்

வந்த அன்றைக்கு அதன் வால் ரோஸ் நிறம்.
மூன்று ஞாயிறு சோப்புப் போட்டோம்,
வாளித் தண்ணீர் சிவந்ததே தவிர
வால் வெளுக்கவில்லை.
நெற்றிப்பட்டையில் ஜிகினாவில்
டைமண்ட் என்று எழுதியிருந்தது.
கூப்பிட்டால் திரும்பாது.
நாங்கள் வைத்த பெயருக்கும் திரும்பாது.
கடைசியில் 'இந்தா' என்பதே பெயராயிற்று.

பள்ளத்தூர் தாண்டி, மூடிக்கிடக்கும் ரைஸ் மில்.
நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில்
இப்போது ஐந்து குதிரைகள், ஒரு கோவேறு கழுதை.
வாரத்தில் ஆறு நாள் நான்
காரைக்குடி வங்கியில் நோட்டு எண்ணுகிறவள்.
ஏழாம் நாள் குளம்பு தூக்குகிறேன்.
முழங்கால்களுக்கு இடையில் கவ்விக் குனிந்து
அடியில் அடைந்த சாணியையும் கல்லையும்
கொக்கியால் கிண்டும்போது
தன் பாரத்தில் கால்வாசியை
என் முதுகில் சாய்த்துக்கொள்ளும்.
நம்பிக்கை என்று சொல்லமாட்டேன்.
அதற்குக் கால் வலி, அவ்வளவுதான்.

லாடம் அடிக்க அந்தோணிராஜ் தேவகோட்டையிலிருந்து வருவார்.
காசு வாங்கமாட்டார்,
டீயில் மட்டும் சர்க்கரை தூக்கலாக வேண்டும்.
அவர்தான் முதலில் பார்த்தார்,
முன்னங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்திருந்ததை.
"ஆடவச்சுருக்காய்ங்க" என்றார்.

எனக்குப் புரிந்தது வைகாசியில்.
மெயின் ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு.
முதல் கொட்டு விழுந்ததும்
தவிட்டுத் தொட்டியிலிருந்து தலையை எடுத்து
ஆடத் தொடங்கியது.
மேலே யாருமில்லை.
கயிற்றைச் சுண்ட யாருமில்லை.
முன்னங்கால் மாற்றி மாற்றி,
சிமெண்டில் டக் டக்கென்று,
கண்ணின் வெள்ளை தெரிய,
ஊர்வலம் வளைவு திரும்பிச்
சத்தம் தேயும்வரை.
கழுத்தைக் கட்டிக்கொண்டு
நிறுத்து நிறுத்து என்றேன்.
யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் தத்துக் கேட்டு வந்தவர்களிடம்
ஒரே கேள்வி:
பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா?

செட்டிநாட்டில் கேட்கிற கேள்வியா இது.

கானாடுகாத்தான் விடுதிக்காரருக்கு
வாசலில் நிறுத்த ஒன்று வேண்டுமாம்,
வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க.
ரேக்ளாக்காரர் வாயைப் பிளந்து
பல்லை எண்ணிவிட்டுப் போனார்.
ஒரு பையன் ரீல்ஸுக்கு ஒரே வாரம் கேட்டான்.
நேர்ந்துகொண்ட ஒருவர்,
அய்யனாருக்கு எல்லாரும் மண்ணில் வைக்கிறார்கள்,
உயிரோடு விட்டால் விசேஷம்தானே என்றார்.
தீனி யார் வைப்பது?
சாமி பார்த்துக்கும்.
படிவத்தில் சாமி கையெழுத்துப் போடவேண்டுமே.

நேமத்தான்பட்டிக்கு அப்பால் கொய்யாத் தோப்பு.
சிகப்பி, ஐம்பத்தொரு வயது, தனியாள்.
குதிரையைத் தொடவில்லை.
"ராத்திரி படுக்குமா, நின்னுக்கிட்டே தூங்குமா?"
என்று மட்டும் கேட்டார்.
ஸ்கூட்டர் மீட்டரில் அளந்தேன்.
கிட்டத்து மண்டபத்திலிருந்து தோப்புக் கம்பிவேலி வரை
ஆறு புள்ளி நான்கு.
"ஆடியில மேல்காத்து, சத்தம் வரும்" என்றார்.
ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்றேன்.
"மாரியம்மனுக்குக் கொட்டு உண்டே."

மறைத்திருக்கலாம்.
மறைக்காததால் கையெழுத்து வாங்கினேன்.

மினி லாரியில் ஏற மறுத்தது.
ஒரு மணி நேரம், இரண்டு கிலோ கேரட்.
நெற்றிப்பட்டையைக் கொடுத்தனுப்பவா என்றேன்.
எதற்கு என்பதுபோல் பார்த்தார்.

ஆடி மூன்றாம் வெள்ளி இரவு ஃபோன் வந்தது.
"கொட்டு கேட்டுச்சு. காதை நிமித்துச்சு.
ஒரு காலைத் தூக்குச்சு."
அப்புறம்?
"தூக்குனபடியே நின்னுச்சு.
பிறகு வச்சுருச்சு. கீழ பழம் கிடந்துச்சு."
எவ்வளவு நேரம் தூக்கியிருந்தது?
"எண்ணலையே."
அடுத்த வெள்ளி எண்ணுங்கள் என்றேன்.
சரி என்றார்.

வால் வெளுத்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்து
வைத்துவிட்டேன்.