டுவேன்

பொதிக்குள் என்ன இருக்கிறது என்று
கிகோம்பா சந்தையில் யாரும் கேட்பதில்லை.
விற்கிறவனுக்கே தெரியாது.
தெரிந்தால் ஏன் விற்கப்போகிறான்
என்றான் ஓச்சோலா.

நாற்பத்தைந்து கிலோ.
எங்கள் ஃபிரிட்ஜை விற்ற காசு,
இன்சூரன்ஸ் ஆபீசில் என் கடைசிச் சம்பளம்,
அவன் அக்கா பெரில் திருப்பிக் கேட்காத,
ஆனால் மறக்கவும் மறக்காத ஆறாயிரம் ஷில்லிங்.

விடிகாலை, முழங்கால் வரை சேறு.
பட்டையை வெட்டியதும்
பால் பொங்குகிற மாதிரி
உப்பி எழுந்தது துணி.

மேலாகக் கிடந்தவை பனிக்கால மேலங்கிகள்.
நைரோபியில் பனியை யார் கண்டது?
மெத்தைக்கு அடைக்கிறவன்
எடைக்கு எடுத்துக்கொண்டான்,
எங்கள் முகத்தைப் பார்த்து
விலையைக் குறைத்துக்கொண்டு.

அடியில் முப்பத்தொரு சட்டைகள்.
ஒரே நீலம்.
முதுகில் மஞ்சள் நூலில்
டோலிடோ குழாய்ப் பணியாளர் சங்கம்.
பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டமாம்,
அதற்கென்றே தைத்ததாம்.
ஃபோனில் தேடி அவன் வாசித்துக்கொண்டே இருந்தான்.
நான் பேசவில்லை.

இடது பைக்கு மேல் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.
ராய். கிளாடிஸ். வால்டர்.
எர்னஸ்ட். டுவேன்.

அந்நியன் பெயரை மார்பில் குத்திக்கொண்டு
எவன் நடப்பான்?
அன்றிரவு ஊசியை எடுத்தேன்.
ராயைப் பிரிக்க ஒரு மணி நேரம்.
நூல் போயிற்று. ராய் போகவில்லை.
எத்தனையோ துவையலில் சட்டை வெளுத்திருந்தது,
எழுத்துக்கு அடியில் மட்டும்
கடையில் வாங்கிய நாளின் நீலம்.
முன்பைவிடத் தெளிவாக
ராய்.

கறுப்புச் சாயத்தில் முக்கிவிடலாம் என்றேன்.
கறுப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை.
ஒரு ஞாயிறு பொறு என்றான்.
சாய டப்பா வாங்கவும் காசில்லை,
அதனால் பொறுத்தேன்.

இங்கோங் சாலையில்
கார்கள் இல்லாத கார் நிறுத்தம்.
சட்டை தொங்கவிடத் தண்ணீர்க் குழாய் ஒன்று;
குழாய்க்காரர்களுக்கு அதுதானே மரியாதை.
கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டதில்
என் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

பதினொரு மணிக்கு
ஒரு மட்டாட்டு கண்டக்டர் கடந்து போனான்.
நின்றான். திரும்பி வந்தான்.
சட்டையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான்,
நாங்கள் கேட்காமலே.
வால்டர் ஒகுமு.
பேரம் பேசவில்லை.
போட்டிருந்த சட்டைக்கு மேலேயே
போட்டுக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் அவன் சித்தப்பா மகன் எர்னஸ்ட்.
நாலு மணிக்கு, செவிலியர் உடுப்பிலேயே, கிளாடிஸ்.
மறு வாரம் வரிசை.

இந்தப் பெயர்களும் ஒரு நாள்
இப்படித்தான் வந்திறங்கியிருக்கும்,
கப்பலில், பொதிபொதியாக.
நமக்குப் பொருந்துமா என்று
யாரும் அளவெடுத்திருக்க மாட்டார்கள்.
எனக்கும் ஒன்று உண்டு, ஃபிலோமினா.
பள்ளிச் சான்றிதழில் தொங்குகிறது.
முத்தேயு என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

ராயை வாங்கியவள் டிசைன் படிக்கிறவள்.
ஊசித்துளைகளை விரலால் தடவி,
"இது உங்கள் உத்தியா?" என்றாள்.
ஆமாம் என்றோம்.
இரண்டு மடங்கு சொன்னோம்.

முப்பதும் போயின.
டுவேன் மட்டும் நின்றான்.
இந்த ஊரில் ஒரு டுவேன் இல்லை,
அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில்
வெளியே வருவதில்லை.
வெயிலுக்கு நான் மாட்டிக்கொண்டேன்.

"டுவேன், இது என்ன விலை?"
"டுவேன், பெரிய சைஸ் இருக்கா?"

லைசன்சுக்குப் போனோம்.
கடைக்குப் பெயர் என்ன என்றார் குமாஸ்தா.
மூன்று மாதமாகச் சண்டையிட்டுச் சேர்த்த
பதினேழு பெயர்கள் ஓச்சோலாவின் நோட்டில்.
அவன் பக்கத்தைப் புரட்டுவதற்குள்
அவர் என் பையைப் பார்த்து
எழுதி முடித்துவிட்டார்.

ஃபிரிட்ஜ் இன்னும் வாங்கவில்லை.
பால் மதியத்துக்குள் திரிந்துவிடுகிறது.
அடுத்த பொதி வியாழக்கிழமை.