ஏழாவது எண்

தலைஞாயிறு தாண்டித் தெற்கே
தார் தீர்ந்து, சரளையும் தீர்ந்து
உவர் பூத்த களியில் கார் நின்றது.
ஒன்றேகால் ஏக்கர். நிற்கும் தென்னை முப்பது.
விழுந்தவற்றின் குழிகளை எண்ணினால் எழுபது.
"காத்து ஒரே பக்கமாத்தான் தள்ளுச்சு சார்"
என்றார் தரகர் வேதரத்தினம்,
அது ஏதோ நிலத்துக்கு ஒரு தகுதி போல.

என் கையில் நாற்பது பக்க நோட்டு.
அம்பத்தூர் வெள்ளத்தின் நான்காம் நாள்
என் கடையில் மிதந்த க்ளூகோஸ் பாட்டிலைக் கழுவி உடைத்து
மகனுக்கு ஊட்டிய இரவில் தொடங்கியது.

கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர்?
ஒன்று. சில இடத்தில் அதுவும் இல்லை.
ஆற்றுத்தண்ணீர்?
மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து
முறை வைத்து, மதகுக்கு மதகு சண்டை ஓய்ந்து
மேலே இருப்பவர்கள் போதும் என்றால்
ஆவணியில்.
போர் போட்டால்?
அறுபதடியில் உப்பு. இருநூறில் அதைவிட உப்பு.
ஆஸ்பத்திரி?
பாலம் இருந்தால் நாற்பது நிமிடம்.
இல்லாவிட்டால்?
வேதரத்தினம் தென்னையின் வயதைச் சொல்ல ஆரம்பித்தார்.

எமிலி மீட்டரைக் குடத்தில் விட்டாள்:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
நிலத்துக்காரி மரகதவல்லி அதே குடத்தில்
ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்துவிட்டு
"மிஷின் என்ன சொல்லுது?" என்றாள்.
சொன்னேன்.
"மழை வந்தா பாதியாவும்."

புயல் பாதுகாப்பு மையத்தையும் பார்த்தோம்.
தூண்கள் மேல் மஞ்சள் கட்டடம், கதவில் புதுப்பூட்டு.
சாவி கிளார்க்கிடம். கிளார்க் திருத்துறைப்பூண்டியில்.
அப்ப புயலன்னிக்கு?
"ஒடைப்போம்."
உடைத்தவர்
மறுவாரம் புதுப்பூட்டு வாங்கி மாட்ட வேண்டும்.
இது நான்காவது. இவள் வாங்கியது.
என் நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
கூட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்துநாலு.

விலை பேசத்தான் உள்ளே கூப்பிட்டாள் என்று நினைத்தேன்.
"ராவுல வண்டி ஓட்டுவீங்களா?"
ஓட்டுவேன்.
"நீச்சல்?"
தெரியாது.
"தெரியாத நம்பர்னா போன எடுப்பீங்களா?"
எமிலி என்னைப் பார்த்தாள்.
"என்ன தொழில்?"
மருந்துக்கடை.
அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

அடுப்பங்கரைச் சுவரில்
புகை ஏறாத உயரத்தில் கரியால் எழுதிய எண்கள்.
படகு, சுப்பையன்.
மரம் அறுக்கிற மிஷின், தெற்குத்தெரு.
பாம்பு. பெயரில்லை, எண் மட்டும்.
ஜெனரேட்டர், பந்தல் அஜ்மீர்.
பிரசவம், நர்சக்கா.
ஐஸ் பெட்டி.
அதற்குக் கீழே என் பத்து இலக்கங்களையும்
ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.
மருந்து, மெட்ராஸ்.
"வாங்குனாலும் வாங்காட்டியும்
இது இருக்கட்டும்."

வாங்கவில்லை.

கார்த்திகையில் ஓர் இரவு
ஒன்றே முக்காலுக்கு, தெரியாத எண்.
எடுத்தேன்.
காற்றா கடலா என்று பிரியாத இரைச்சலுக்குள்ளிருந்து
அவள் கத்தினாள்:
கரண்ட் போய் மூணு நாள்,
அடுத்த வீட்டுப் பையனின் இன்சுலின் கெட்டுப்போகுமா?
பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி,
இடையில் ஈரமணல்,
மேலே நனைத்த சாக்கு.
காற்றுப்படுகிற நிழலில் வை.
புட்டியைத் தண்ணீரில் போடாதே.
மருந்து கலங்கித் திரிந்தால் குத்தாதே.
சொல்லிக்கொண்டே இருந்தேன்.
எந்த வார்த்தையில் லைன் அறுந்ததென்று தெரியவில்லை.

எமிலி விளக்கைப் போட்டாள்.
திரும்பத் திரும்ப அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஈரமணல் என்றதும்
நல்ல தண்ணீருக்கு எங்கே போவதென்று
அவள் நின்றிருப்பாளோ.
உப்புத்தண்ணீரே போதும் என்று
சொல்லாமல் விட்டுவிட்டேன்.