ஐந்து வோல்ட்

இரவு ஒன்றே முக்கால்.
கப்பலூர் சர்வீஸ் ரோட்டில்
மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது டிரெய்லர்.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
"எலெக்ட்ரீசியன் தூங்கிட்டாருங்களா?" என்று
லேப்டாப்போடு நின்ற என்னிடமே கேட்டார்
செங்கோட்டுவேலு.
நான்தான் என்றேன்.
ஒரு நொடி பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

கண்டெய்னருக்குள் இருபது டன் கரூர்ப் படுக்கை விரிப்பு.
ஓட்டி வந்தவர் கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி.
"ஊருக்குப் பேரு கப்பலூருங்க,
கப்பல் நிக்கறது தூத்துக்குடியில.
எட்டு மணிக்குள்ள கேட்டுக்குள்ள போகோணும்.
மேடு ஏறவே மாட்டேங்குது."

டயாக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஒயரைச் சொருகினேன்.
திரையில் வரிசையாகப் புகார்.
ஆயில் பிரஷர், வோல்டேஜ் குறைவு.
பூஸ்ட் பிரஷர், வோல்டேஜ் குறைவு.
நாற்பத்தேழு தடவை என்று கணக்கு வேறு.

போன வாரம் திண்டுக்கல்லில் ஒருவர்
ஆயில் சென்சாரை மாற்றியிருக்கிறார்.
நேற்றுச் சாயங்காலம் வாடிப்பட்டியில் இன்னொருவர் பூஸ்ட்டை.
பழையவை இரண்டும் சீட்டுக்கடியில் கேரி பேக்கில்,
பிடுங்கிய பல் மாதிரி.
ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
சொத்தையே இல்லை.

சென்சார் கெட்டுப்போச்சு என்று
எந்தக் கோடும் சொல்வதில்லை.
வர வேண்டியது வரலை என்கிறது, அவ்வளவுதான்.
மாசம் பிறந்து பத்து நாளாச்சு, பணம் வரலை என்று
ஒரே வீட்டில் நாலு பேர் முணுமுணுத்தால்
நாலு பேரையுமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது?

சப்ளை ஒயரில் மீட்டரை வைத்தேன்.
ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால்.
பூஸ்ட் சாக்கெட்டைக் கழற்றினேன். முக்கால்.
ஆயில். முக்கால்.
கண்டன்சர் பக்கம் ஒளிந்திருந்த ஏசி சென்சார்,
அதுவும் முக்கால்.
இனி ஒயர்.

அஜ்மலை மீட்டர் பார்க்கச் சொல்லிவிட்டு
அட்டையை விரித்து அடியில் போனேன்.
ஜாண் ஜாணாக ஒயர்க்கட்டை அசைத்தேன்.
"முக்கால்."
அட்டையையும் தாண்டி முதுகில் ஜல்லி குத்தியது.
"முக்கால்."
ரிங் ரோட்டில் மீன் லாரி ஒன்று போனது,
நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.
"முக்கால்... முக்கா... அக்கா, அஞ்சு! அஞ்சு வந்துருச்சு!
போச்சு. முக்கால்."

பிடித்த கையை எடுக்காமல் டார்ச் அடித்தேன்.
பம்பருக்குப் பின்னால் திருஷ்டிக் கயிறு,
படிகாரம், சுருங்கிய எலுமிச்சை.
அவிழக் கூடாதென்று ஜிஐ கம்பியால்
முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தது,
ஒயர்க்கட்டையும் சேர்த்து.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
ஒரு மயிரிழை அறுத்திருக்கிறது கம்பி.
உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"யார் கட்டுனது?"
குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.
"நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு."

சால்டர், ஸ்லீவ், டேப்.
இருபது நிமிஷ வேலை.
எலுமிச்சையைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை.
நைலான் கயிற்றில் கிரில் பக்கமாக நகர்த்திக் கட்டினான் அஜ்மல்,
முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

கோடுகளை அழிக்கப் போனேன்.
"அழிச்சுப்போடாதீங்க! போட்டோ எடுத்துக்கறேன்.
லேட்டாச்சுன்னு மொதலாளி பேட்டாவப் புடிச்சுக்குவாரு."
எடுத்தார்.
நாற்பத்தேழும் தெளிவாக விழுந்தது.

பிறகு பில்.
வேலை விவரம் என்று அதிலும் ஒரு கோடு.
'ஒயர் தேய்ந்து ஷார்ட்' என்று எழுதினேன்.
என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எதில் தேய்ந்தது என்று எழுதவும்
அந்தக் கோட்டில் இடம் மிச்சமிருந்தது.
மூடியைப் போட்டேன்.

மூன்றரைக்குப் புறப்பட்டார்.
சர்வீஸ் ரோட்டு முனை வேகத்தடையில்
முன் சக்கரம் ஏறி இறங்கியது.
பின் சக்கரங்கள் ஒவ்வொன்றாக.
காது கொடுத்து நின்றோம்.
வண்டி திணறவில்லை, கியர் மாறியது.
அஜ்மல், கையில் மீட்டர் இல்லாமலே,
"அஞ்சு" என்றான்.