மறதிக்கு மூன்றடி

கொடிமலை மேல்நிலையத்துக்குப் பின்னால்
நூற்றிருபது அடி வடிகால் என் பொறுப்பு.
மூங்கில் சருகு, பொரித்த வாழைப்பழக் காகிதம்,
ஐஸ் கச்சாங் கரண்டி,
இரவு மழை இறக்கிவிட்ட செம்மண்.
எட்டு மணிக்குள்
கான்கிரீட் தெரிய வேண்டும் என்பார் ரோஸ்லி.

ஒரு செவ்வாய்க்கிழமை
வாரியின் பல்லில் மாட்டியது வால்.
வால் மட்டும்.
தீக்குச்சி நீளம், கடுந்தேநீர் நிறம்.
சுருண்டது, நிமிர்ந்தது, துள்ளியது.
உடம்பு ஓடிப் போன பிறகும்
அது தன் பங்குக்குப் பயந்துகொண்டே இருந்தது.

"அரணை" என்றாள் செங்கமலம்
மூன்றெட்டுப் பின்னால் போய்.
நக்கினால் மரணமாம்.
ஆனால் கடிக்க வரும்போதே
எதற்கு வந்தோம் என்பது மறந்து
பாதி வழியில் திரும்பிவிடுமாம்.
அந்த மறதியால்தான்
நாமெல்லாம் இன்னும் சம்பளம் வாங்குகிறோமாம்.

கையுறையைக் கழற்றிச் சருகை விலக்கினேன்.
மேலே மொறுமொறுப்பு.
அதன் கீழ் ஈரம்.
இன்னும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள்.
பிறகு
இலையா மண்ணா என்று அதற்கே தெரியாத ஒன்று,
நனைந்த சாக்கின் வாசத்தோடு.

அங்கே இருந்தது.
கால் என்று நான்கு,
யாரோ பேனாவை உதறியதில் விழுந்த மைபோல.
அவற்றை நம்பி அது நடக்கவில்லை;
சருகுக்குள் நீந்தியது.
வாயில் கரையான். விடவில்லை.
கீழிமை மேலேறி
ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

ரயிலில் ஏறி வருகிறவர்கள்
ஜார்ஜ் டவுனை, பாலத்தை, கடலைப்
படம் எடுக்கிறார்கள்.
இதற்கு ஊர் இந்த மூன்றடி.
இந்தப் பக்கம் சிமெண்டு,
அந்தப் பக்கம் வெயில் விழும் தார்.

புதன்கிழமை
நூற்றுப் பதினேழு அடி பெருக்கினேன்.
வியாழனும். வெள்ளியும்.

சனிக்கிழமை மழையில்
குடையோடு வந்து நின்றார் ரோஸ்லி.
குவியலை பூட்ஸ் நுனியால் காட்டினார்.
என்ன சொல்வது?
ஒரு வாலுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றா?
"லுப்பா, போஸ்" என்றேன்.
மறந்துவிட்டேன் என்பதற்கு
இந்த ஊரில் அவ்வளவு சின்னச் சொல்.

திட்ட வாயெடுத்தார்.
இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது:
நடுவழியில் ரயில் நின்றுவிட்டது.
காதில் வைத்தபடி நடந்தவர்
எங்களிடம் எதற்கு வந்தார் என்பதை
அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.
செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
தோள் குலுங்கச் சிரித்தாள்.

மூன்று வாரம் இருக்கும்.
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவள்
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"முளைத்துவிட்டதா?"

அரிசி நீளம் என்றேன்.
நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு.